ஊசிக்குள் ஒரு மூலிகை, செம்புக்குள் ஒரு மூலிகை

கோவில்பட்டிக்குக் கிழக்கே விளாத்திகுளம் வரையிலும் தென்கிழக்கே ஓட்டப்பிடாரம் வரையிலும் பரந்து கிடக்கும் மானாவாரி நிலத்தில், மழை பொய்த்த ஆண்டிலும் பூக்க மறக்காத செடி நித்தியகல்யாணி. ஊரில் இதற்குச் சுடுகாட்டு மல்லி என்றும் பெயர். ஆடு வாய் வைக்காது. வெடித்துப் பிளக்கும் கருங்களிமண்ணைவிட, கரிசலை ஒட்டிய செவலும் மணல் கலந்த மேட்டு நிலமும் இதற்குத் தோது. தென்மாவட்டங்களில் இதைப் பயிராகவே போடுகிறார்கள். இலையை உருவிக் களத்தில் காயவைத்து, வேரைத் தோண்டியெடுத்து, சாக்குக் கட்டி வியாபாரிக்குக் கொடுக்கிறார்கள். அந்த இலையிலிருந்துதான் வின்கிறிஸ்டின், வின்பிளாஸ்டின் என்ற இரண்டு கீமோ மருந்துகள் பிரிக்கப்படுகின்றன. ஒரு கிராம் வின்கிறிஸ்டினுக்கு நூற்றுக்கணக்கான கிலோ காய்ந்த இலை வேண்டும். வளர்ந்த ஆளுக்கு ஒரு வேளைக்கு வழக்கமாக 2 மில்லிகிராமுக்கு மேல் கொடுப்பதில்லை.

கீமோவோடு மூலிகை சேர்க்கலாமா என்று இந்த வட்டார நோயாளிகள் கேட்கும்போது, மூலிகை ஒன்று ஏற்கெனவே ஊசிக்குள் ஏறியிருக்கிறது. பாக்ளிடாக்செல் என்ற கீமோ மருந்து யூ மரப்பட்டையிலிருந்து வந்தது. இரினோடீகான் என்ற இன்னொன்று சீன மரம் ஒன்றின் வழியில் வந்தது. புற்றுநோய் வார்டில் பல ஆண்டுகள் இருந்தவர்களுக்கு, செடியா ரசாயனமா என்ற சண்டையில் ஆர்வம் போய்விடும். எந்தச் சாறு எந்த ஊசியோடு சேர்ந்தால் என்ன நடக்கும், எவ்வளவு, எந்த நாளில் என்பதுதான் அவர்களுடைய கவலை. அதற்குப் பொதுவான பதில் கிடையாது. ஒவ்வொரு ஜோடிக்கும் தனித்தனியாகத்தான் பதில் உண்டு.

வின்கிறிஸ்டினின் கதையே ஒரு கஷாயத்தில் தொடங்கியதுதான். 1952-இல் ஜமைக்காவிலிருந்து கனடாவிலிருந்த மருத்துவர் கிளார்க் நோபிளுக்குக் கொஞ்சம் நித்தியகல்யாணி இலை வந்தது. அங்கே சர்க்கரை நோய்க்கு அதைக் கொதிக்கவைத்துக் குடிப்பார்கள் என்ற குறிப்பும் கூட வந்தது. அவருடைய தம்பி ராபர்ட் நோபிளும் சார்லஸ் பீரும் அந்தச் சாற்றை எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். சர்க்கரை இறங்கவில்லை. சாற்றை ஊசியாகப் போட்ட எலிகளோ, வெள்ளை அணுக்கள் சரிந்து, கிருமித் தொற்றில் செத்தன. வெள்ளை அணுவை வீழ்த்தும் பொருள், வெள்ளை அணு கட்டுமீறிப் பெருகும் ரத்தப் புற்றுக்கு மருந்தாகலாம் என்ற யோசனை அங்கேதான் பிறந்தது. 1958-இல் வின்பிளாஸ்டினைப் பிரித்த செய்தி வெளியானது. அமெரிக்காவின் எலி லில்லி நிறுவனம் கண்டெடுத்த வின்கிறிஸ்டின் 1963-இல் அங்கே அனுமதி பெற்றது. இந்தியாவில் புனேயின் தேசிய வேதியியல் ஆய்வகத்துடன் சேர்ந்து 1984-இல் சிப்லா இந்த இரண்டையும் உள்நாட்டிலேயே தயாரிக்கும் வழியைக் கண்டது.

இந்தக் கதை வார்டில் வெறும் பழங்கதை அல்ல. கரிசல் பக்கத்தில் இன்றும் சர்க்கரைக்கு நித்தியகல்யாணிப் பூவையும் இலையையும் கொதிக்கவைத்துக் குடிப்பவர்கள் உண்டு. நெறிக்கட்டிப் புற்றுக்காக வின்கிறிஸ்டின் ஏறிக்கொண்டிருந்த ஒரு பெரியவர் வீட்டிலும் காலையில் அதையே குடித்துவந்தார். "சர்க்கரைக்கு என்ன மாத்திரை எடுக்கிறீங்க அய்யா?" என்று கேட்டபோது இரண்டு மாத்திரைகளின் பெயரைச் சரியாகச் சொன்னார். கஷாயத்தைச் சொல்லவில்லை, கேள்வி மாத்திரையைப் பற்றியதாகவே இருந்ததால். "சர்க்கரைக்கு வேற என்ன குடிக்கிறீங்க?" என்று செவிலியர் கேட்ட பிறகுதான் அது வெளியே வந்தது. ஒரே செடி இரு வழியாகவும் உள்ளே போய்க்கொண்டிருந்தது. ஒரு வழியில் மில்லிகிராம் கணக்கு, இன்னொரு வழியில் கைப்பிடிக் கணக்கு.

வின்கிறிஸ்டின் ஏற்றுகிறவர்களுக்கு முதலில் கற்றுத்தரப்படுவது நரம்பூசி பிடித்திருக்கிறதா என்று பார்ப்பது. சிரிஞ்சை இழுத்தால் ரத்தம் திரும்பி வர வேண்டும். மருந்து சதைக்குள் கசிந்தால் புண்ணாகிவிடும். அப்படிக் கசிந்தால் வின்கிறிஸ்டினுக்கு வெந்நீர் ஒத்தடம், டாக்ஸோரூபிசின் என்ற இன்னொரு கீமோ மருந்துக்குக் குளிர் ஒத்தடம். மாற்றி வைத்தால் சேதம் கூடும். ஒரு மருந்துக்கு நல்லது இன்னொன்றுக்குக் கெடுதல் என்பது வார்டில் முதலில் பிடிபடுவது இந்த ஒத்தடத்தில்தான். மூலிகை விஷயத்திலும் நிலைமை இதுவே.

வின்கிறிஸ்டின் நரம்பைப் பாதிக்கும். சட்டத்தில் தீக்குச்சி அடுக்கும் வேலைக்குப் போகிற பெண்களுக்கு விரல்நுனி மரத்துப்போகிறது. குச்சி கையில் இருப்பது தெரிவதில்லை. உழவர்கள் சிலருக்கு நடக்கும்போதே செருப்பு கழன்றுபோனது தெரியாமல் போகிறது. சட்டைப் பொத்தான் போடச் சொல்லியும் குதிகாலில் நடக்கச் சொல்லியும் இதைக் கண்டுபிடிப்பார்கள். குடலின் நரம்பும் மந்தமாகும். ஊசி போட்ட சில நாளில் வயிறு கல்லாகி, நடுராத்திரியில் ஆஸ்பத்திரிக்கு ஓடிவந்தவர்கள் பலர். இதற்கு முன்னெச்சரிக்கையாகக் கொடுக்கும் மலமிளக்கிகளில் ஒன்று சென்னா. அதுவும் இந்த மண்ணின் செடி. அவுரி என்ற பெயரில் தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்களில் பயிராகி, உலகச் சந்தையில் 'டின்னவேலி சென்னா' என்று விலைபோவது. நோயைத் தாக்கும் இலையும் அந்தத் தாக்குதலின் தொல்லையைத் தீர்க்கும் இலையும் ஒரே வட்டாரத்தில் விளைகின்றன. ஆனால் இரினோடீகான் ஏறுகிறவருக்கு வயிற்றுப்போக்கே ஆபத்து. அவருக்கு அதே அவுரி கூடாது.

முன்பெல்லாம் கோவில்பட்டி நோயாளிகள் மதுரை, திருநெல்வேலி, திருவனந்தபுரம் என்று போனார்கள். ரத்தப் புற்று வந்த பிள்ளைகளை ராத்திரி பஸ்ஸில் சென்னைக்குக் கொண்டுபோய், 1954-இல் தொடங்கிய அடையாறு புற்றுநோய் மருத்துவமனையில் சேர்த்தவர்களும் உண்டு. அங்கே 1980-களின் நடுவிலிருந்து எம்சிபி-841 என்ற ஒரே சீரான கீமோ அட்டவணையைப் பின்பற்றத் தொடங்கினார்கள். மும்பை டாடா மருத்துவமனையும் தில்லி எய்ம்ஸும் அதே அட்டவணையில் இருந்தன. முன்பு பெரும்பாலும் இழந்துகொண்டிருந்த பிள்ளைகளில் பாதிப் பேர் வரை பிழைக்கும் நிலை அதன் பிறகு வந்தது. அந்த அட்டவணையின் தூண்களில் ஒன்று வின்கிறிஸ்டின். 2009-இல் மாநில அரசின் மருத்துவக் காப்பீடு வந்த பிறகு, காசில்லாமல் பாதியில் நிறுத்துவது குறைந்தது. வீட்டுக்குப் போய்ப்போய் வரும் சிகிச்சை கூடியது. வீட்டுக்குப் போனால் வீட்டு வைத்தியமும் கூடும்.

அந்தக் காலத்து வார்டுகளில் மூலிகை பற்றிய பேச்சுக்கு ஒரே பதில்தான்: "நாட்டு மருந்தைத் தொடக் கூடாது." பதில் தவறு என்று முழுக்கச் சொல்லிவிட முடியாது. அதன் விளைவுதான் தவறாகப் போனது. நோயாளிகள் நாட்டு மருந்தை நிறுத்தவில்லை, அதைப் பற்றிச் சொல்வதைத்தான் நிறுத்தினார்கள். ஒரு மருத்துவமனையில் நடந்தது இது. சோளக்காட்டு விவசாயி ஒருவருக்கு மூன்றாவது சுற்றில் கல்லீரல் கணக்கு ஏறியது. ஊசித் தேதி இரண்டு முறை தள்ளிப்போனது. மருந்துகளை ஒவ்வொன்றாகச் சந்தேகித்தார்கள். கடைசியில் அவர் மனைவி, வராந்தாவில் தரை துடைத்துக்கொண்டிருந்த அம்மாவிடம்தான் விஷயத்தைச் சொன்னார். மகனின் நண்பர் வெளிநாட்டிலிருந்து அனுப்பிய மஞ்சள் மாத்திரையை மூன்று மாதமாகக் கொடுத்துவருகிறார்களாம். டப்பாவில் குர்குமினோடு மிளகுச் சத்தும் எழுதியிருந்தது. நிறுத்திய சில வாரங்களில் கணக்கு இறங்கியது. 2022-இல் அமெரிக்க ஆய்வுக் குழு ஒன்று மஞ்சள் மாத்திரையால் கல்லீரல் கெட்ட 10 பேரைப் பற்றி எழுதியபோது, அதில் 3 பேருடைய மாத்திரையில் மிளகுச் சத்து இருந்தது.

மஞ்சளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகப் பேச வேண்டும். வார்டுக்கு வரும் தூக்குகளிலும் செம்புகளிலும் முக்கால்வாசி மஞ்சள்தான். குர்குமின் என்ற அதன் மஞ்சள் நிறப் பொருள், ஆய்வகக் கிண்ணத்தில் புற்றுச் செல்களை விதவிதமாக அடக்கிக் காட்டியிருக்கிறது. ஆனால் வாய்வழியாகச் சாப்பிட்டால் ரத்தத்தில் ஏறுவது சொற்பம். 1998-இல் பெங்களூர் செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்தவர்கள் 2 கிராம் குர்குமினோடு 20 மில்லிகிராம் பைப்பரின் கொடுத்தார்கள். மிளகின் காரப் பொருள்தான் பைப்பரின். மனிதர்களின் ரத்தத்தில் குர்குமின் கிடைக்கும் அளவு 20 மடங்கு உயர்ந்தது. பாலில் மஞ்சளும் மிளகும் போட்டுக் கொடுக்கும் பாட்டியின் பக்குவத்துக்கு இதைவிடப் பெரிய சான்றிதழ் வேண்டுமா என்று அன்று பலர் மகிழ்ந்தார்கள். மகிழ்ச்சி நியாயம்தான். அதற்குள்ளேயே எச்சரிக்கையும் இருக்கிறது. மிளகு குர்குமினை உடம்பில் தங்கவைப்பது, அதைச் சிதைத்து வெளியேற்றும் வேலையைத் தடுப்பதால். வின்கிறிஸ்டினைச் சிதைக்கும் சிஒய்பி3ஏ4 நொதியையும் பைப்பரின் தடுக்கும் என்பது ஆய்வகத்தில் காட்டப்பட்டிருக்கிறது. அதே நொதியைத் தடுக்கும் பூஞ்சைக்கொல்லி மாத்திரைகளை வின்கிறிஸ்டினோடு கொடுத்தபோது நரம்புச் சேதம் கடுமையானதை மருத்துவர்கள் நேரில் கண்டிருக்கிறார்கள். ரசத்தில் விழும் மிளகைப் பற்றிப் பயப்பட ஒன்றுமில்லை. சத்தாகப் பிழிந்து மாத்திரையில் அடைத்த மிளகு வேறு.

கீமோவோடு சேர்த்துப் பார்த்த ஆய்வுகள் ஒரே குரலில் பேசவில்லை. கணையப் புற்றுக்கு ஜெம்சிடபினோடு நாளுக்கு 8 கிராம் குர்குமின் கொடுத்தபோது, 17 பேரில் 5 பேர் வயிற்று உப்புசம் தாங்காமல் நிறுத்திக்கொண்டார்கள். பிரான்சில் புராஸ்டேட் புற்றுக்கு டோசிடாக்செலோடு சேர்த்துக் கொடுத்ததில் பலன் தெரியவில்லை. ஆர்மீனியாவில் மார்பகப் புற்று முற்றிய 150 பெண்களுக்குப் பாக்ளிடாக்செலோடு, பாதிப் பேருக்குக் குர்குமினை வாய்வழியாக அல்லாமல் நரம்பு வழியாகவே ஏற்றினார்கள். அவர்களில் ஏறத்தாழ 51 விழுக்காட்டினரிடம் கட்டி சுருங்கியது. மற்றவர்களிடம் 33 விழுக்காடு. நம்பிக்கை தரும் முடிவுதான், இன்னும் பெரிய அளவில் செய்து பார்க்க வேண்டியது. இதற்கு நேர்மாறாக, 2002-இல் எலிகளில் நடந்த ஆய்வு ஒன்றில், உணவில் குர்குமின் சேர்ந்தபோது மார்பகக் கட்டியைச் சைக்ளோபாஸ்பமைடு சுருக்கும் வேகம் குறைந்தது. ஊசியின் பெயர் தெரியாமல் மஞ்சளைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல முடியாது.

இப்படி ஏன் முரண்படுகின்றன என்பதைப் புரிந்துகொள்ள, ஆன்டிஆக்ஸிடன்ட் என்ன செய்கிறது என்று பார்க்க வேண்டும். செல்லுக்குள் உணவு எரியும்போது ஆக்ஸிஜனின் ஆவேசத் துணுக்குகள் தெறிக்கும். அவை மரபணுவைக் கடிக்கும், சவ்வைப் பொசுக்கும். நெல்லிக்காய், மஞ்சள், திராட்சைத் தோல் போன்றவற்றின் ஆன்டிஆக்ஸிடன்டுகள் அந்தத் துணுக்குகளை அணைக்கும். ஆரோக்கியமானவருக்கு இது நல்லதாகவே படும். ஆனால் டாக்ஸோரூபிசின், பிளியோமைசின், சிஸ்பிளாட்டின் போன்றவை புற்றுச் செல்லைக் கொல்வதில் அதே துணுக்குகளுக்கும் பங்கு உண்டு. கதிர்வீச்சுக்கும் அப்படியே. ஊரில் அதைக் 'கரண்ட் வைப்பது' என்பார்கள். அணைக்கும் பொருள் எந்தச் செல் நல்லது, எது கெட்டது என்று பார்த்து அணைப்பதில்லை. வின்கிறிஸ்டின் பெரும்பாலும் வேறு வழியில் கொல்கிறது. செல் இரண்டாகப் பிரியும்போது மரபணுக்களை இழுக்கும் நுண்குழல்கள் உருவாகாமல் தடுத்துவிடுகிறது. அங்கே ஆன்டிஆக்ஸிடன்டால் வரும் தடை குறைவாக இருக்கலாம். மிளகுச் சத்து போன்றவற்றால் வரும் நொதிச் சிக்கல் கூடுதலாக இருக்கலாம்.

ஆன்டிஆக்ஸிடன்ட் என்றாலே காப்பு என்ற எண்ணத்தை முதலில் உலுக்கியது 1994-இல் வெளிவந்த பின்லாந்து ஆய்வு. புகைபிடிக்கும் 29,133 ஆண்களை எடுத்து, கேரட்டின் பீட்டா கரோட்டினை மாத்திரையாகச் சிலருக்குக் கொடுத்தார்கள். நுரையீரல் புற்று குறைவதற்குப் பதிலாக 18 விழுக்காடு கூடியது. கீமோ நடக்கும் காலத்தைப் பற்றிய முக்கியமான தகவல் 2020-இல் வந்தது. அமெரிக்காவில் மார்பகப் புற்றுக்குக் கீமோ எடுத்த 1,134 பேரில், ஆன்டிஆக்ஸிடன்ட் மாத்திரைகளைச் சிகிச்சைக்கு முன்பும் சிகிச்சையின்போதும் எடுத்தவர்களுக்கு நோய் திரும்பும் வாய்ப்பு ஏறத்தாழ 40 விழுக்காடு கூடுதலாகத் தெரிந்தது. அப்படி எடுத்தவர்கள் சிலரே என்பதால் இதை முடிந்த தீர்ப்பாகச் சொல்ல முடியாது. ஆனாலும் டாக்ஸோரூபிசின் ஏறிக்கொண்டிருக்கும் பெண்ணிடம் சத்துமாவு வியாபாரி 'ஆன்டிஆக்ஸிடன்ட் பவுடர்' டப்பாவை விற்கும்போது, வேண்டாம் தாயி என்று சொல்ல இது போதும்.

உணவாக வரும் ஆன்டிஆக்ஸிடன்டுக்கு இந்தக் குற்றச்சாட்டு பொருந்தாது. ரத்தப் புற்றுள்ள 103 பிள்ளைகளைப் பின்தொடர்ந்து 2004-இல் வெளியிட்ட ஆய்வில், சாப்பாட்டிலிருந்து இவற்றைக் குறைவாகப் பெற்ற பிள்ளைகளுக்குத்தான் கீமோவின் தொல்லைகள் கூடுதலாக இருந்தன. கம்பங்கூழும் முருங்கைக்கீரையும் நெல்லிக்காயும் சாப்பிடாதே என்று சொல்லும் பத்தியம் நோயாளியைக் கெடுக்கும். வார்டில் எடை இறங்கிப்போனவர்கள் பலர் கீமோவால் மட்டும் இறங்கியவர்கள் அல்லர். மூன்று வீட்டுக்காரர்கள் சொன்ன மூன்று பத்தியங்களும் சேர்ந்து அவர்கள் எடையை இறக்கியிருக்கின்றன.

பச்சைச் சாறுதான் வார்டுக்குப் பெரிய தலைவலி. கண் மஞ்சளாகத் தெரிந்த ரத்தப் புற்றுக் குழந்தைக்கு அம்மாச்சி ஒருத்தி கீழாநெல்லியை வேரோடு பிடுங்கி, அம்மியில் அரைத்து, மோரில் கலக்கிக் கொடுத்தார். ஊசி போட்டு பத்தாம் நாள், வெள்ளை அணு அடிமட்டத்தில். அன்று ராத்திரியே குளிர்காய்ச்சலோடு குழந்தை வந்து சேர்ந்தது. காய்ச்சல் எதனால் வந்தது என்று அறுதியிட யாராலும் முடியவில்லை. ஆனால் ஓடைக்கரை மண் ஒட்டிய, கொதிக்காத எதையும் அந்த நாட்களில் கொடுக்கக் கூடாது. குழந்தை பிழைத்தது. அம்மாச்சியை யாரும் திட்டவில்லை. திட்டியிருந்தால் அடுத்த முறை அம்மியைப் பற்றிய செய்தி வந்திருக்காது. இதே போன்ற தேவைக்கு வெளிநாட்டில் 'மில்க் திசில்' என்ற செடியின் சத்தை, கல்லீரல் கணக்கு ஏறிய 50 ரத்தப் புற்றுப் பிள்ளைகளுக்கு 28 நாள் கொடுத்துப் பார்த்தார்கள். 2010-இல் வெளியான முடிவின்படி, ஒரு நொதியின் அளவு ஓரளவு இறங்கியது, கெடுதல் தென்படவில்லை. கீழாநெல்லிக்கும் யாராவது இந்த மரியாதையைச் செய்ய வேண்டும்: சுத்தம் செய்து, அளந்து, எண்ணி, ஒப்பிட்டுப் பார்க்கும் மரியாதை.

அருகம்புல், பப்பாளி இலை, துளசி ஆகியவற்றின் பச்சைச் சாறுகளுக்கும் வெள்ளை அணு குறைந்த நாட்களில் இதே தடைதான். முள்சீத்தா இலையும் பழமும் சில ஆண்டுகளாகப் பரபரப்பாகப் போகின்றன. குவாதலூப் தீவில் அந்தப் பழத்தையும் இலைத் தேநீரையும் நெடுநாள் எடுத்தவர்களிடம் பார்க்கின்சன் போன்ற நரம்பு நோயை 1999-இலேயே கவனித்தார்கள். வின்கிறிஸ்டினால் ஏற்கெனவே நரம்பு தளர்ந்தவருக்கு அதைக் கொடுப்பது சரியல்ல.

கிரீன் டீயின் கதை வேறு. மைலோமா என்ற ரத்தப் புற்று வந்தவர்களுக்குக் கொடுக்கும் போர்டெசோமிப் மருந்தில் போரான் அணு உண்டு. கிரீன் டீயின் ஆன்டிஆக்ஸிடன்ட் அந்தப் போரானையே பற்றிக்கொண்டு மருந்தைச் செயலிழக்கச் செய்வதை 2009-இல் கலிபோர்னியாவில் செல்களிலும் எலிகளிலும் கண்டார்கள். இஞ்சிக்கு இப்படிப் பழி எதுவும் இல்லை. 576 நோயாளிகளிடம் நடந்த அமெரிக்க ஆய்வில், அரை கிராமிலிருந்து ஒரு கிராம் வரையான இஞ்சி, வாந்தி மாத்திரையோடு சேர்த்து எடுத்தபோது குமட்டலைக் குறைத்தது. ரத்தத் தட்டணு குறைந்தவர்களைத் தவிர்த்து மற்றவர்களுக்குச் சுக்குத் தண்ணீரை வார்டில் ஒப்புக்கொள்கிறார்கள்.

கரிசலின் அடையாளமான பருத்தியும் இந்த ஆராய்ச்சியிலிருந்து தப்பவில்லை. கோவில்பட்டி வேளாண் ஆராய்ச்சி நிலையம் 1901-இல் தொடங்கியது. கருங்கண்ணிப் பருத்தி ரகங்களோடு சேர்ந்தே அறியப்படும் நிலையம் அது. பருத்திக்கொட்டையில் இருக்கும் காசிபால் என்ற மஞ்சள் பொருள் ஆன்டிஆக்ஸிடன்ட் குணம் உடையது. புற்றுச் செல்லைச் சாகவிடாமல் காக்கும் பிசிஎல்-2 புரதத்தையும் தடுக்கக்கூடியது. சீனாவில் 1970-களில் அதை ஆண்களுக்கான கருத்தடை மருந்தாகச் சோதித்தார்கள். ரத்தத்தில் பொட்டாசியம் இறங்கியதும் சிலருக்குக் குழந்தைப்பேறு திரும்பாததும் அதைக் கைவிடவைத்தன. பிறகு அதைச் சுத்திகரித்து ஏடி-101 என்ற பெயரில் புராஸ்டேட் புற்றுக்கு டோசிடாக்செலோடு கொடுத்தார்கள். ஆயுள் கூடவில்லை. இதைக் கேள்விப்பட்டுப் பருத்திப்பால் குடிக்கலாமா என்று கேட்டவர்களும் உண்டு. பருத்திப்பால் உணவு. சோதனையில் கொடுத்தது தனியே பிரித்து அளந்த வேதிப்பொருள். ஒன்றின் பெயரைச் சொல்லி இன்னொன்றை மருந்தாக்க முடியாது.

2024-இல் மும்பை டாடா நினைவு மையத்திலிருந்து வந்த செய்தி பலரைத் திகைக்கவைத்தது. இந்திரநீல் மித்ராவின் குழு, திராட்சைத் தோலில் உள்ள ரெஸ்வெரட்ராலையும் மிகச் சிறிய அளவு செம்பையும் சேர்த்துக் கொடுக்கிறது. ரெஸ்வெரட்ரால் பேர்போன ஆன்டிஆக்ஸிடன்ட். செம்போடு சேர்ந்ததும் அது எதிர்வேலை செய்து, ஆக்ஸிஜன் துணுக்குகளை உண்டாக்குகிறது. செத்த புற்றுச் செல்கள் ரத்தத்தில் விட்டுச்செல்லும் மரபணுச் சிதறல்களை அந்தத் துணுக்குகள் அழிப்பதாகக் குழு சொல்கிறது. கீமோவின் தொல்லைகள் குறைந்ததாகச் சிறிய ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. நூறு ரூபாய் மாத்திரை என்று பத்திரிகைகள் எழுதின. பெரிய ஆய்வுகள் முடியாமல் அதை மருந்தென்று சொல்லக் கூடாது. ஒரே பொருள் துணைக்கு யார் வருகிறார் என்பதைப் பொறுத்து அணைக்கவும் செய்யும், எரிக்கவும் செய்யும் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் உதாரணம் கிடைப்பது அரிது. நிலக்கடலையிலும் ரெஸ்வெரட்ரால் உண்டு என்பது தெரிந்ததும், கடலைமிட்டாய் சாப்பிட்டால் போதுமா என்று கோவில்பட்டிக்காரர்கள் கேட்டார்கள். அதில் இருப்பது மிகச் சொற்பம். வாய்ப்புண் இல்லாதவர், சர்க்கரை இல்லாதவர், எடை இறங்கிக்கொண்டிருப்பவர் தாராளமாகச் சாப்பிடலாம், தெம்புக்காக.

இப்போது வார்டுகளில் கேள்வி மாறியிருக்கிறது. "நாட்டு மருந்து ஏதாவது சாப்பிடுறீங்களா?" என்று கேட்டால் தலை இல்லை என்று ஆடும். "காலையில் எழுந்ததும் முதலில் என்ன குடிப்பீங்க? அதுக்கப்புறம்?" என்று கேட்டால் செம்பு, தூக்கு, டப்பா எல்லாம் ஒவ்வொன்றாக மேசைக்கு வரும். பையிலிருப்பதை முழுக்க எடுத்துவைக்கச் சொல்கிறார்கள். அன்றைக்கு ஏறப்போகும் ஊசியின் பெயருக்கு நேரே ஒவ்வொன்றையும் வைத்துப் பார்க்கிறார்கள். மாத்திரையாக அடைத்த சத்துகள் சிகிச்சை முடியும்வரை நிறுத்தப்படுகின்றன. பச்சைச் சாறு ரத்தக்கணக்கு தேறும்வரை தள்ளிவைக்கப்படுகிறது. குழம்பில் போடும் மஞ்சளும் ரசத்து மிளகும் தொடர்கின்றன. கேஸ் ஷீட்டில் ரத்த அழுத்தத்துக்கும் எடைக்கும் கீழே, முன்பு வெறுமையாக இருந்த இடத்தில் நீல மையில் இப்படி எழுதப்படுகிறது: வின்கிறிஸ்டின் இன்று. மஞ்சள்-மிளகு மாத்திரை நிறுத்தம். நித்தியகல்யாணிக் கஷாயம் நிறுத்தம். சுக்கு சரி. அவுரி இன்றிரவு முதல்.